முடிவு தெரிந்தாலும் பக்கம் புரள வேண்டும்

(வெள்ளவத்தையில் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். திரில்லர், சாகச நாவல் என்றதும் "அது பொழுதுபோக்குச் சாமான், இலக்கியம் இல்லை" என்று சொல்கிறவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். உங்களோடு கதைக்கத்தான் வந்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: நல்ல திரில்லரின் பலம் முடிவை ஒளித்துவைப்பதில் இல்லை, ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாக நம் கண்முன்னால் நடத்திக் காட்டுவதில் இருக்கிறது.

ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஒஃப் த ஜக்கால்' 1971இல் வந்தது. பிரெஞ்சு ஜனாதிபதி டி கோலைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவனின் கதை. ஆனால் டி கோல் அதற்கு முதல் வருடம்தான் தன் சொந்த வீட்டில் நோய் வந்து காலமானார், உலகத்துக்கே தெரியும். கொலைகாரன் தோற்கப்போகிறான் என்று தெரிந்துகொண்டே புத்தகத்தைத் திறக்கிறோம், திறந்தால் கீழே வைக்க முடிவதில்லை. ஏன்?

அவன் ஒரு கிராமத்து மயானத்துக்குப் போய், உயிரோடு இருந்தால் இன்றைக்குத் தன் வயதாக இருக்கக்கூடிய ஒரு குழந்தையின் கல்லறையைத் தேடுகிறான். அந்தப் பெயரில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுக்கிறான், அதைக் காட்டிக் கடவுச்சீட்டு எடுக்கிறான். அப்புறம் காட்டுக்குள் ஒரு முலாம்பழத்தை வலைப்பையில் போட்டு மரத்தில் தொங்கவிட்டு, துவக்கின் குறி சரியாக விழுகிறதா என்று சுட்டுப் பார்த்து, திருகாணியைத் திருகி, மறுபடி சுட்டு, கடைசியில் வெடிக்கும் ரவையைப் போடுகிறான். பழம் சிதறுகிற அந்த இடத்தில் நமக்கு வயிறு கலங்குகிறது. ஃபோர்சைத் 1962இல் ரொய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸில் இருந்தவர், எழுத்தில் அது தெரிகிறது. இவனைத் தேடுகிற பொலிஸ் அதிகாரியும் சண்டைக்காரர் அல்ல, பல நாட்டுப் பொலிஸாருக்கும் தொலைபேசி எடுத்துப் பொறுமையாகக் கேட்கிறவர். கடவுச்சீட்டு விண்ணப்பங்களை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற அலுவலக வேலையை இவ்வளவு பரபரப்பாக எழுத முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

'பொன்னியின் செல்வ'னிலும் இதே கதைதான். அருள்மொழிவர்மன்தான் ராஜராஜ சோழன் ஆகப்போகிறார் என்பது யாருக்குத் தெரியாது? இருந்தும் வந்தியத்தேவன் பூங்குழலியின் படகில் ஏறி நம்முடைய இலங்கைக் கரைக்கு வருகிறபோது மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே வாசித்தோம்.

சாகசக் கதைக்கு வருவோம். ஜூல்ஸ் வேர்னின் கடலடிப் பயண நாவலில், 1870ஐ ஒட்டி வந்தது, நீர்மூழ்கிக் கப்பலின் தலைவரான கப்டன் நீமோ தன் விருந்தாளிகளை மன்னார் முத்துப்பாருக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார், சிலாவத்துறைப் பக்கத்தார் தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்த அதே கடல். ஒரு முத்துக்குளிப்பவன், கால்களுக்கிடையில் கல், படகில் கட்டிய கயிறு, திரும்பத் திரும்ப மூழ்குகிறான். ஒவ்வொரு முறையும் பத்துச் சிப்பி கிடைத்தால் பெரிய காரியம், அதிலும் எத்தனையில் முத்து இருக்கும் என்று தெரியாது. தன்னைக் கீழேயிருந்து நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அவனுக்குத் தெரியாது. அப்போதுதான் சுறா வருகிறது. நீமோ கத்தியோடு பாய்கிறார், போகிறபோது அவனுடைய கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இலங்கைக்கு ஒருபோதும் வராத ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியது. சுறாச் சண்டை எனக்கு இரண்டாம் பட்சம், அந்த ஏழை மனிதனின் வேலையை அவர் நின்று பார்த்தாரே, அதற்காகத்தான் அந்த அத்தியாயம் எனக்கு உயிர்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். கடைசி அத்தியாயத்தில் வில்லன் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்குகிற கதை, நாயகன் அகப்பட்ட நேரம் பார்த்து யாரோ வந்து கதவைத் திறந்துவிடுகிற கதை, இவை வாசகனின் காசையும் நித்திரையையும் களவெடுக்கிற கதைகள்.

சாகசம் நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்காதீர்கள். கண்டியில் சித்தி லெப்பை 1885இல் எழுதிய 'அசன்பேயுடைய சரித்திரம்'தான் இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்வார்கள். கெய்ரோவில் பிறந்த பிள்ளை களவாடப்பட்டு பம்பாயில் வளர்கிற கதை அது, கப்பலும் ஆபத்தும் ஆள் தேடலும் உள்ள அசல் சாகசக் கதை. ஈழத்து நாவல் பிறந்ததே இந்த வகையில்தான். பிறகு நாம் ஏன் அதைத் திண்ணையில் உட்கார வைத்தோம் என்பது எனக்கு உண்மையாகவே விளங்காத வேதனை.

சரக்கு இல்லையா என்றால், இருக்கிறது. 1961இல், தென்கிழக்குக் கரையில், கிரிந்தைக்கு அப்பால் பெரிய பாசஸ் பாறையருகே, சுழியோடியான மைக் வில்சனும் இரண்டு பையன்களும் கடலில் இறங்கியபோது வெள்ளிக் காசுகள் அகப்பட்டன, ஔரங்கசீப் காலத்து சூரத் ரூபாய்கள், கடலடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு கிடந்தவை. கொழும்பில் வாழ்ந்து 2008இல் மறைந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1964இல் அதை ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். ஆங்கிலம் தெரிந்தவர்கள், மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

நாவல் எழுதுகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது: அந்தப் பாறைப் பக்கம் கடல் அமைதியாக இருப்பது பங்குனி சித்திரையில் சில வாரங்கள்தான், அதற்குள் இறங்கி வேலையை முடிக்காவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். திரில்லருக்குத் தேவையான கெடுவைக் கடலே வைத்துத் தந்திருக்கிறது. கிரிந்தையில் மீன்பிடிக்கிறவர்களிடம் போய் நீரோட்டத்தையும் காற்றையும் கேட்டு, அந்தக் காசு எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது என்று தேடிப்பார்த்து, தமிழில் எழுதுங்கள். முதல் ஆளாக வாங்கி வாசிக்க நான் இருக்கிறேன்.