செம்மரமும் வேங்கையும்: தண்ணியில சாயம் விடுறது எது?

வணக்கம் மக்களே. மேஜையில ரெண்டு கண்ணாடி டம்ளர் இருக்கு பாருங்க. இடது பக்கம் செம்மரச் சிராய், நாட்டு மருந்துக் கடையில செஞ்சந்தனம்னு கேட்டு வாங்கினது. வலது பக்கம் வேங்கைச் சிராய். ராத்திரியே தண்ணி ஊத்தி ஊற வச்சாச்சு.

செம்மரம் ரத்தச் சிவப்புக் கட்டை. ஆனா அந்தத் தண்ணி கிட்டத்தட்ட ஊத்தின மாதிரியே கிடக்கு! பழுப்பு மஞ்சளா இருக்கிற வேங்கைதான் தண்ணிய டிகாஷன் நிறமாக்கி வச்சிருக்கு. இருங்க, பின்னாடி கறுப்புத் துணி பிடிச்சு வெயில் பக்கம் சாய்க்கிறேன். ஓரத்துல நீலமா மினுங்குது, தெரியுதா? கேமராவுல பாதிதான் விழுது.

பேர்ல சந்தனம் இருக்கிறதால செம்மரத்த சந்தனத்துக்குச் சொந்தம்னு நினைக்கிறாங்க. கிடையாது. சந்தனத்தோட வாசனை அதோட எண்ணெய்ல இருக்கிற சாண்டலால்ங்கிற பொருளால வருது, செம்மரத்துல அது இல்ல. மோந்து பார்த்தா வெறும் கட்டை வாசனைதான். செம்மரத்துக்கு நிஜமான பங்காளி வேங்கை. ரெண்டுமே டெரோகார்பஸ் பேரினம், அவரைக் குடும்பம்.

ரெண்டுக்கும் பொதுவான சரக்கு டெரோஸ்டில்பீன். திராட்சையில இருக்கிற ரெஸ்வெரட்ராலோட தம்பி மாதிரி. அதுல மூணு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி இருக்கும். இதுல அதுல ரெண்டு, ஹைட்ரஜனுக்குப் பதிலா ஒரு கார்பன் தொகுதி ஒட்டின மீத்தாக்சியா மாறியிருக்கும். வெளிப்பக்க வெள்ளைக் கட்டைய விட்டுடுங்க, வைரம் பாஞ்ச நடுக்கட்டையிலதான் இது சேருது. பூஞ்சை, கரையான்கிட்ட இருந்து கட்டையக் காப்பாத்துற வேலையில இதுக்கும் பங்கு உண்டு.

பிரியற இடம் நிறம். செம்மரச் சிவப்புக்குக் காரணம் சாண்டலின் ஏ, பிங்கிற ரெண்டு நிறமிங்க. சாண்டலின் ஏ மூலக்கூறுல கார்பன் மட்டும் 33. பெரிய மூலக்கூறு, சாதாத் தண்ணியில கரையாது. இப்போ அதே சிராய்ல கொஞ்சம் சானிடைசர் விடுறேன்... அதுல இருக்கிறது ஆல்கஹால்... பாருங்க, சிவப்பு இறங்குது! சலவை சோடா கரைச்ச தண்ணியிலயும் இறங்கும், அதுல ஊதா கலந்த சிவப்பு. ஸ்வீடன் பக்கம் மசாலா மீன் பதப்படுத்துறப்போ நிறத்துக்கு இந்தக் கட்டைப்பொடியப் போடுற வழக்கம் உண்டு. ஆந்திரா சேஷாசல மலைக் கட்டை எங்க போய் மீனுக்கு நிறம் கொடுக்குது பாருங்க.

வேங்கையில சாண்டலின் கதையே இல்ல. எபிகேட்டச்சின், மார்சுப்சின், டெரோசுபின்னு தண்ணியில இறங்குற ஃபீனால்கள்தான் அதோட பலம். பட்டையக் கீறினா வடியற சிவப்புப் பால், குழந்தைக்குப் பொட்டு வைப்பாங்களே, அது பெரும்பாலும் துவர்ப்பான டானின்.

வேங்கைக் கட்டையில கடைஞ்ச டம்ளர்ல தண்ணி ஊத்தி வச்சுக் குடிச்சா சுகர் போயிடுமான்னு கேட்பீங்க. 1998ல ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு ஒண்ணு வந்துச்சு, சர்க்கரை குறைஞ்சதாத்தான் சொன்னாங்க. ஆனா அங்க கொடுத்தது கிராம் கணக்குல அளந்த சாறு, ஒப்பிட்டுப் பார்க்க வேற குழுவும் கிடையாது. டம்ளர்ல எவ்வளவு இறங்குதுன்னு யார் அளந்தா? அத நம்பி மாத்திரைய நிறுத்தாதீங்க.

கடைசியா ஒண்ணு. செம்மரச் சிராய்னு வாங்கினது சாதாத் தண்ணியிலயே ரோஸ் கலர் விட்டா சந்தேகப்படுங்க, அது பதிமுகம்ங்கிற வேற மரத்துக் கட்டையா இருக்கலாம். எலுமிச்சை பிழிஞ்சு பாருங்க, பதிமுகம்னா சிவப்பு மஞ்சளாயிடும்.