வயலில் பயிரும் களத்தில் நெல்லும்

அனைவருக்கும் வணக்கம். தலைப்பைப் பார்த்துவிட்டு வேளாண்மைக் கூட்டம் என்று நினைத்து யாரேனும் வந்திருந்தால் எழுந்து போய்விட வேண்டாம். இன்று பேசப்போவது நட்சத்திரங்கள் பிறக்கும் கதை. வயலுக்கும் வருவோம், சற்று நேரம் கழித்து.

மார்கழி இரவில் திருவாதிரையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தெற்கே ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள். அவற்றுக்கும் தெற்கே, புகை படிந்தாற்போல மங்கலாக ஒரு திட்டு. அதுதான் ஓரியன் நெபுலா, நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். 1970இல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் அரிசோனாவின் கிட் பீக்கில் இருந்த வானொலித் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் கார்பன் மோனாக்சைடின் குரல் கேட்டது.

நட்சத்திரம் உருவாவது ஹைட்ரஜனிலிருந்து. பிறகு கார்பன் மோனாக்சைடை ஏன் தேட வேண்டும்? ஹைட்ரஜன் மூலக்கூறு அழுத்தமான ஆசாமி. அதில் இருப்பவை ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள். மின்னூட்டம் எந்தப் பக்கமும் சாயாது, அதனால் குளிரில் அது வாயே திறக்காது. நட்சத்திரம் பிறக்கும் வாயுத் திரட்சிகளான மூலக்கூறு மேகங்களோ பூஜ்யத்துக்குக் கீழே 260 டிகிரி செல்சியஸ் அளவில் உறைந்து கிடப்பவை. கார்பன் மோனாக்சைடு பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும் அந்தக் குளிரிலும் பேசும். அது பேசுவதை வைத்துப் பேசாதவரை எண்ணுகிறோம். எங்கள் துறையே இந்த மெல்லிய கயிற்றில்தான் தொங்குகிறது!

வாயு அடர்ந்த இடத்தில் நட்சத்திரம் அதிகம் பிறக்கும் என்று 1959இல் மார்ட்டன் ஷ்மிட் எழுதினார். 1998இல் ராபர்ட் கென்னிகட் ஏறத்தாழ நூறு விண்மீன் திரள்களை எடுத்து அதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். 2008இல் அருகிலுள்ள சுருள் திரள்களைச் சில ஆயிரம் ஒளியாண்டு அகலத் துண்டுகளாகப் பிரித்து அளந்தபோது உறவு இன்னும் தெளிவானது: நட்சத்திரப் பிறப்பு, தனித்தனி அணுக்களாகத் திரியும் ஹைட்ரஜனைவிட மூலக்கூறு வாயுவோடுதான் நெருங்கிப் போகிறது. இப்போதைய வேகத்தில் போனால் அந்த வாயுக் கையிருப்பு தீரச் சுமார் 200 கோடி ஆண்டு ஆகும்.

200 கோடி என்பது நிறைய என்று தோன்றுகிறதா? ஒரு மேகம் தன் எடையாலேயே சரிந்து விழச் சில பத்து லட்சம் ஆண்டுகள் போதும். நம் பால்வீதியின் மூலக்கூறு வாயு மொத்தம் ஏறத்தாழ நூறு கோடிச் சூரியன்களின் எடை. அத்தனையும் தடையின்றிச் சரிந்தால் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள் பிறக்க வேண்டும். நிஜத்தில் பிறப்பது இரண்டு சூரியன் அளவுக்குத்தான். ஏன் இந்தச் சுணக்கம்?

வயலுக்கு இப்போது போவோம். ஒரு தாலுகாவில் எத்தனை ஏக்கர் நெல் பயிரானது, எத்தனை மூட்டை வந்தது என்று கேட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஒரே ஒரு வயலின் வரப்பில் நின்று பாருங்கள். பயிர் நின்றால் களம் காலி. களத்தில் நெல் குவிந்திருந்தால் வயலில் அடித்தாள்தான் இருக்கும்.

2010இல் ஆண்ட்ரியாஸ் ஷ்ருபாவும் அவருடன் பணியாற்றியவர்களும் எம்33 என்ற பக்கத்துத் திரளில் இதைத்தான் பார்த்தார்கள். சில ஆயிரம் ஒளியாண்டு அகலத்தில் அளந்தபோது வாயுவும் நட்சத்திரப் பிறப்பும் கைகோத்து நின்றன. சுமார் ஆயிரம் ஒளியாண்டுக்கும் கீழே இறங்கியதும் பிடி விட்டுப்போனது. மேகம் செறிந்த இடங்களில் இளம் நட்சத்திரங்கள் குறைவு. இளம் நட்சத்திரங்கள் ஒளிரும் இடங்களில் மேகம் குறைவு. ஷ்மிட் சொன்ன விதி பொய்த்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது விதியின் உள்ளே போகும் கதவாகத் தெரிந்தது.

எல்லாரும் ஒரே பட்டத்தில் விதைக்காத ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நூறு வயல்களைப் பார்க்கிறோம். எத்தனை வயலில் பயிர், எத்தனையில் அறுவடை, எத்தனையில் தாள் என்று எண்ணினாலே எந்தக் கட்டம் எத்தனை நாள் நீடிக்கும் என்று சொல்லிவிடலாம். ஒரு கட்டத்தின் காலம் மட்டும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். வானத்தில் அது தெரியும்: பெரிய நட்சத்திரங்களைச் சூழ்ந்த சிவப்பு ஒளி சுமார் 50 லட்சம் ஆண்டில் மங்கிவிடும்.

60 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள என்.ஜி.சி. 300 திரளில் டீடெரிக் க்ருய்சன் குழுவினர் இந்தக் கணக்கைப் போட்டு 2019இல் வெளியிட்டார்கள். ஒரு மேகத்தின் ஆயுள் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. நட்சத்திரம் பிறந்து 15 லட்சம் ஆண்டுக்குள் மேகம் கலைந்துவிடுகிறது. நட்சத்திரமாக மாறுவது நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான்.

மேகத்தைக் கலைப்பது யார்? சூப்பர்நோவா என்று முன்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். நல்ல ஊகம். ஆனால் வெடிப்பு வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. பிறந்த பிள்ளைகளின் புற ஊதா ஒளியும் அவை வீசும் காற்றுமே தாய்மேகத்தைக் கிழித்து விரட்டிவிடுகின்றன. மிச்ச வாயு சிதறி, வேறெங்கோ மறுபடி திரண்டால்தான் அடுத்த போகம்.

வெளியே தொலைநோக்கி தயாராக இருக்கிறது, வரிசையில் வாருங்கள். ஓரியன் நெபுலாவில் நீங்கள் பார்க்கப்போகும் வெளிச்சம் களம். அதன் முதுகை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாமல், மூலக்கூறு மேகம் இன்னும் கலையாமல் நிற்கிறது. அறுவடை பாதியில் இருக்கும் வயல் அது.