தூரம் வளர்த்த கடைத்தெரு

நேயர்களுக்கு வணக்கம்.

சிறுநகரக் கடைத்தெருவின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் வணிகரிடமிருந்து தொடங்குவார்கள். நான் வாங்க வருபவரின் கால்களிலிருந்து தொடங்குகிறேன். வீட்டிலிருந்து புறப்பட்டு, வேண்டியதை வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் ஒருவர் திரும்பிவிடக்கூடிய தொலைவுதான், கடைத்தெரு எங்கே அமையும், எத்தனை கடைகளைத் தாங்கும் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிராக்டன் பெயரால் வழங்கும் நூல் இதைக் கணக்காகவே போட்டுவைத்திருக்கிறது. ஒரு நாள் பயணம் 20 மைல். அந்த நாளில் ஒரு பங்கு சந்தைக்குப் போவதற்கு, ஒரு பங்கு விற்கவும் வாங்கவும், மீதிப் பங்கு வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்புவதற்கு. ஆகவே 20 மைலில் மூன்றில் ஒரு பங்கு தொலைவுக்குள் இன்னொரு சந்தை முளைத்தால், அது பழைய சந்தைக்குத் தீங்காகக் கருதப்பட்டது.

இந்தத் தூரம் வணிகருக்கு அரணாக இருந்தது. அதற்குள் அவர் பொருளை எடைபோட்டுக் கொடுத்தார். அறுவடை வரைக்கும் கடன் கொடுத்தார். யார் திருப்பித் தருவார், யார் இழுத்தடிப்பார் என்று மனக்கணக்கு வைத்திருந்தார். இதை எண்ணி உருகுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: போட்டிக்கு ஆள் இல்லாத ஊரில் அவர் சொன்னதுதான் விலை, கடனுக்குரிய வட்டியும் பெரும்பாலும் அந்த விலைக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

அரணில் முதல் உடைப்பை ஏற்படுத்தியது அஞ்சல் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1872இல் சிகாகோவிலிருந்து ஆரன் மாண்ட்கோமரி வார்டு உழவர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பி, கடிதம் வழியே கேட்டவர்களுக்குப் பொருள் விற்கத் தொடங்கினார். 1896இல் அமெரிக்கச் சிற்றூர்களில் வீட்டு வாசலுக்கே கடிதம் வரத் தொடங்கியது. 1913 ஜனவரி 1 முதல் அரசு அஞ்சலிலேயே பெரிய பார்சல்களும் வந்தன. இந்தப் பார்சல் திட்டத்தைச் சிறுநகர வணிகர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். தங்கள் ஊரின் தொலைவைத்தான் அது கரைக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

அதன்பின் வந்தது கார். நெடுஞ்சாலைகள் விரிந்தபோது, வண்டி நிறுத்த இடமில்லாத பழைய கடைத்தெருவைவிட ஊருக்கு வெளியே இருந்த வெற்று நிலம் வணிகத்துக்கு வசதியாகிவிட்டது. 1962இல் ஆர்கன்சா மாநிலத்தின் ராஜர்ஸ் என்ற சிறு ஊரில் சாம் வால்டன் முதல் வால்மார்ட் கடையைத் திறந்தார். பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத ஊர்களையே அவர் தேடிப் போனார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஓர் ஊரின் ஓரத்தில் நிற்கும் அத்தகைய கடைக்குச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் மக்கள் காரில் வந்துவிடுவதால், அது தான் இருக்கும் ஊரின் கடைகளோடு மட்டுமின்றி அக்கம்பக்கத்து ஊர்களின் கடைகளோடும் போட்டியிடுகிறது.

சட்டத்தால் தடுக்கவும் முயன்றார்கள். 1973இல் பிரான்ஸ் பெரிய கடைகளுக்குத் தனி அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு இயற்றிய சட்டத்தால் ஜப்பானும் அவற்றைக் கட்டுப்படுத்தி, 2000இல்தான் அச்சட்டத்தைக் கைவிட்டது. இருந்தும், கதவடைத்த கடைகள் வரிசையாக நிற்கும் தெருக்களுக்கு 'ஷட்டர் தெரு' என்றே ஜப்பானியர் பெயர் வைக்கும் நிலை வந்தது. வணிகர்களுக்குக் கால அவகாசம் கிடைத்தது என்பதற்குமேல் இச்சட்டங்களின் பயனை உயர்த்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; வாங்குபவர் கையில் கார் இருக்கும்போது, கடைக்காரரை மட்டும் பாதுகாத்து என்ன ஆகும்?

இணைய வணிகம் மீதமிருந்த தூரத்தையும் பெருமளவு அழித்தது. முடிதிருத்தகம், தையற்கடை, பழுதுபார்க்கும் கடை, உணவகம் என, ஆள் நேரில் வந்தே ஆக வேண்டிய தொழில்களே பழைய தெருக்களில் உறுதியாக நிற்கின்றன. இழப்பும் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. காரும் கைபேசியும் உள்ளவருக்குத் தேர்வுகள் பெருகின. இரண்டும் இல்லாத முதியவருக்கோ, கடைசி மளிகைக்கடை மூடப்பட்ட நாளில் பழைய தூரம் முழுவதுமாகத் திரும்பி வந்துவிட்டது. அவர் நடந்துபோகக்கூடிய தொலைவுக்குள் ஒரு கடையாவது நிலைக்குமாறு வாடகையையும் பேருந்துத் தடத்தையும் நகராட்சிகள் சேர்த்துத் திட்டமிடலாம்; கடைத்தெருவுக்குப் புதுக் கல் பாவுவதைவிட அது கடினமான வேலை, செலவும் ஆண்டுதோறும் வரும்.

வணக்கம்.