காய்ச்சல்காரரின் உடம்பை முழுசாகப் பாருங்கள்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த நாட்களில் காய்ச்சலைப் பற்றி ஒரு குடும்பத்துப் பெண்ணாகப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. சேலம் கன்னங்குறிச்சியைத் தாண்டி ஏற்காடு மலையடிவாரத்தில் எங்கள் வீடு, வீட்டோடு சேர்ந்தே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. என் வீட்டுக்காரருக்கு வந்த ஒரு காய்ச்சல் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் ரேடியோவை அணைத்துவிட்டுப் போகிறவர்களும் இருப்பீர்கள், அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து நாலைந்து நாளாகியும் விடவில்லை என்றால், தலை முதல் கால் வரை துணியை விலக்கி அவர் உடம்பைப் பாருங்கள். வலியோ அரிப்போ இல்லாத ஒரு கறுத்த பொருக்கு எங்காவது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி எங்கள் நாய்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், கதை அங்கேதான் தொடங்குகிறது.

பட்டாணி, சுண்டல் என்று இரண்டு பேர். ஒரு மழை நாளில் சாக்கடை ஓரத்தில் நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டிகளைக் காலேஜ் விட்டு வந்த என் மகள் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள், பேர் வைத்ததும் அவள்தான். பட்டாணி சாது போல முகத்தை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடும், சுண்டலுக்கு ஓட்டம்தான் எல்லாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களுடைய செருப்பில் ஒன்று மட்டும் காணாமல் போகும், ஜோடியோடு எடுத்துப் போன சரித்திரமே கிடையாது. கொடியில் காயப்போட்ட இட்லித் துணியை இழுத்து மண்ணில் புரட்டி அதன் மேலேயே படுத்துத் தூங்கும். என் மாமியாரின் சுருக்குப் பையை வெற்றிலை பாக்கோடு தூக்கிக்கொண்டு போய் மாமரத்தடியில் புதைத்ததில் அத்தை ரெண்டு நாள் அதுகளோடு பேசவில்லை. மகள் சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கி வரும் நாட்களில் அவள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே இரண்டும் கேட்டில் நிற்கும். சேலத்தில் பிறந்த நாய்க்குத் தட்டுவடை மேல் ஆசை வராமல் இருக்குமா, ஆனால் அதில் வெங்காயமும் பூண்டுச் சட்னியும் இருக்கிறது, அவை இரண்டுமே நாய்களுக்கு ஆகாது என்பதால் வெறும் தட்டுவடையில் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்போம், அவ்வளவுதான்.

இந்தத் தட்டுவடையில்தான் வினை வந்தது. தீபாவளி ஆர்டர் முடிந்து கார்த்திகை பிறந்த சமயம். கொலுசுத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், வெள்ளியை வியாபாரி எடை போட்டுத்தான் கொடுப்பார், நாம் செய்து திருப்பிக் கொடுக்கும்போது சேதாரம் போக எடை சரியாக நிற்க வேண்டும், ஒரு கொலுசு குறைந்தாலும் நம் கைக்காசுதான் போகும். மெருகு போட்ட கொலுசை ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் கை கழுவப் போயிருக்கிறார், துணியில் தட்டுவடை எண்ணெய் வாசம் இருந்திருக்கும் போல. சுண்டல் துணியோடு கவ்விக்கொண்டு பின்பக்கமாக ஓடிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலேயே மலைச்சரிவு தொடங்கிவிடும், மழைக்குப் பிறகு அங்கே உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும், அடியில் பூராவும் எலி வளை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் புதருக்குள் முட்டி போட்டுத் தவழ்ந்து, இருட்டும் வரைக்கும் டார்ச் அடித்துத் தேடினார். கொலுசு கிடைத்தது. எடையும் சரியாக இருந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

அதற்கப்புறம் ஒரு பத்து நாள் இருக்கும். ஒரு நாள் காலையில் கொலுசு பற்றவைக்க உட்கார்ந்தவர் தலைவலி தாங்கவில்லை என்று எழுந்து வந்து படுத்தார். தொட்டால் நெருப்பு. மழைக்காய்ச்சல் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் திரும்ப ஏறியது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பிளேட்லெட் என்கிற தட்டணு குறைந்திருக்கிறது என்று வந்ததும் டெங்குதான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு, எல்லாம் ஆனது. டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும், இவருக்கு வாரம் நெருங்கியும் இறங்கவில்லை. கண் சிவந்து, உடம்பு முறித்துப் போட்டது போல வலித்து, கடைசியில் ரெண்டு படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

அந்த அம்மா ரிப்போர்ட்டைப் பிறகு பார்க்கிறேன் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, “வீடு எங்க? காடு, தோட்டம் பக்கம் போனீங்களா?” என்றுதான் முதலில் கேட்டார். அடிவாரம் என்றதும் சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்குள், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு என்று பார்த்துக்கொண்டே வந்தவர் இடுப்பில் அரைஞாண் கயிற்றில் கை வைத்தார். இவர் பதறிப்போய், “சாமி கயிறுங்க, கழட்ட மாட்டேங்க” என்றார். “கழட்ட வேண்டாங்க, தூக்கிப் பார்த்தா போதும்” என்று டாக்டர் ஒரு விரலால் கயிற்றைத் தூக்கினார். பீடி நெருப்பால் சுட்ட மாதிரி, சின்னதாக, கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவந்த வட்டம். வலியும் கிடையாது, அரிப்பும் கிடையாது, அதனால் அவருக்கே தெரியாது.

ஸ்க்ரப் டைபஸ். ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியாவால் வருவது. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு வகை நுண்ணிய பூச்சி, அதன் குஞ்சுதான் கடிக்கும், வளர்ந்த பூச்சி மனிதரைக் கடிப்பதில்லை. குஞ்சை லேசில் கண்ணால் பார்க்க முடியாது. வழக்கமாக எலியின் மேல் ஏறி வாழும் அது, நாம் புதருக்குள் போய் உட்கார்ந்தால் நம் மேலும் ஏறிவிடும். துணி இறுக்கமாகப் படிகிற இடம், தோல் மடிகிற இடம் பார்த்து ஒட்டும், அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இருந்ததற்குக் காரணம் அதுதான். கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில். தட்டணு இதிலும் குறையும். கவனிக்காமல் விட்டால் இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று இறங்கிவிடும், உயிரையே எடுத்துவிடும்.

இவ்வளவு பயங்கரமான நோய்க்கு மருந்து என்ன தெரியுமா? டாக்சிசைக்ளின். எந்த மெடிக்கலிலும் இருக்கும் பழைய மாத்திரை, விலையும் கொஞ்சம்தான். சாதாரணமாகக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது, ஆனால் இது எடுபடும். ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆரம்பித்தார்கள், ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்களாம். நோய் முற்றிப்போனவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைக்கிறது என்று வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள் முன்நின்று 794 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்திருக்கிறது. நம் பக்கத்து ஊர் டாக்டர்கள் செய்த வேலை இது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. அதற்காக நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கொடுத்தால், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருங்கள். விழுங்கியதும் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் நின்று புண்ணாக்கிவிடும்.

இப்போது பெண்களிடம் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். இந்தப் பொருக்கு மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் எல்லாம் வரும். ஆண் டாக்டர் முன்னால் நாம் சேலையை விலக்குவதில்லை, அவரும் சங்கடப்பட்டுக்கொண்டு கேட்பதில்லை, நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து மருந்து எழுதி அனுப்பிவிடுகிறார். புல் அறுக்கப் போவது யார், விறகு பொறுக்கப் போவது யார், ஆடு மேய்க்கப் போவது யார்? நாம்தானே அதிகம். அப்படி இருக்க இந்த ஒரு வெட்கத்துக்காக உயிரைக் கொடுக்க முடியாது. டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே அம்மாவோ அக்காவோ மாமியாரோ கதவைச் சாத்திவிட்டு நல்ல வெளிச்சத்தில் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, இந்த இடத்தில் இப்படி ஒரு பொருக்கு இருக்கிறது என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லுங்கள், அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். பொருக்கு எல்லாருக்கும் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது இல்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகாது, அதனால் புதர்ப் பக்கம் போய் வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் நாய்கள். பேப்பரில் இதை உண்ணிக்காய்ச்சல் என்றே போடுகிறார்களா, அக்கம்பக்கத்தில் எல்லாரும் நாய் உண்ணிதான் காரணம் என்று தீர்மானித்துவிட்டார்கள். கொண்டுபோய் எங்காவது விட்டுவிட்டு வாருங்கள் என்று வீடு தேடி வந்து சொன்னவர்களும் உண்டு. அந்த நாய்களைத் தினமும் திட்டித் தீர்க்கும் என் மாமியார்தான் வாசலில் நின்று பதில் சொன்னார். “அவன் புதருக்குள்ள போனான், பூச்சி கடிச்சது. நாய் என்ன பண்ணும்? வாயில்லாத ஜீவனை நடுரோட்டுல விட்டுட்டு வந்து நாங்க நல்லா இருப்பமா?” என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார். நாயிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் ஒட்டுவதில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்கும் ஒட்டுவதில்லை. நாய் மேல் இருக்கும் பெரிய உண்ணி வேறு, இந்தப் பூச்சி வேறு. ஆனால் நாய் உண்ணியும் வேறு காய்ச்சல்களைக் கொண்டுவரக் கூடியதுதான், நாய்க்கும் அதனால் ரத்தக் குறைவு வரும், அதனால் கால்நடை டாக்டரிடம் காட்டி மருந்து போட்டுவிடுங்கள். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். வெறிநாய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போட்டுவிட வேண்டும் என்பதை நாய் வளர்க்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

இன்னொன்று. அவர் படுத்திருந்தபோது பட்டாணி கட்டிலுக்கடியில் நுழைந்து காய்ச்சல்காரருக்கு வாங்கி வைத்த ரொட்டியை முழுசாகத் தின்றது, அது பரவாயில்லை. அடுத்து மாத்திரை அட்டையைக் கவ்விக்கொண்டு போனதே, அப்போதுதான் எனக்கு உயிரே போய்விட்டது. மகள் துரத்திப் பிடித்துப் பிடுங்கிவிட்டாள். பாரசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுத்துவிடும், பூனைக்கு இன்னும் ஆபத்து. நாய்க்குக் காய்ச்சல் என்று நம் மாத்திரையை உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் இப்போது மாத்திரை டப்பா சாமி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டிச் சுத்தமாக வைப்பது, எலி அண்டாமல் பார்ப்பது, துவைத்த துணியைப் புல் மேலும் செடி மேலும் காயப்போடாமல் இருப்பது, இதெல்லாம் எல்லாரும் செய்யக் கூடியதுதான். காட்டுப் பக்கம் போகும்போது முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் போட்டிருந்த துணியை நனைத்துப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். என் வீட்டுக்காரர் இப்போது லுங்கியோடு பின்பக்கம் போவதே இல்லை.

மலை மேல் இருக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. காபிப் பழம் பறிக்கும் காலமும் இந்தக் காய்ச்சல் அதிகமாக வரும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. ஏற்காட்டு எஸ்டேட்களில் இருக்கும் மேஸ்திரிமார்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலைக்கு நடுவில் பெண்கள் சருகு மேல் அப்படியே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு ஒரு தார்ப்பாய் விரித்துக் கொடுங்கள். கைக்குழந்தையைத் தரையில் கிடத்த விடாதீர்கள், சில்வர் ஓக் மரத்தில் தூளி கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். யாராவது காய்ச்சல் என்று சொன்னால் ஒரு மாத்திரையைக் கொடுத்து வேலைக்கு அனுப்பாமல், கீழே இறங்க வண்டி ஏற்பாடு செய்து டாக்டரிடம் அனுப்பி வையுங்கள், காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தே அனுப்புங்கள். கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.