மரக் கங்காருவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு?

(காட்சி: தராசில் உரித்த வாழைப்பழம். எண் 118 கிராம்.)

இந்தப் பழத்தில் சுமார் 105 கிலோகலோரி இருக்கிறது. நமக்கு இது சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாய். 8 கிலோ எடையுள்ள மரக் கங்காருவுக்கு இது நாளின் தேவையில் கால்வாசி.

கணக்கைப் பாருங்கள். பப்புவா நியூ கினியின் ஹுவோன் தீபகற்ப மலைக்காடுகளைச் சேர்ந்த மாட்ஷி மரக் கங்காருவை எடுத்துக்கொள்வோம். உடலுக்கு வேண்டிய சக்தி எடையோடு நேராக ஏறாது, எடையின் 0.75 அடுக்கோடு ஏறும். 8-இன் 0.75 அடுக்கு ஏறக்குறைய 4.76. நாய் போன்ற பாலூட்டி என்றால் இதை 70-ஆல் பெருக்குவோம், நாளுக்கு 333 கிலோகலோரி வரும். பைப்பாலூட்டிகளின் உடல் சக்தியை மெதுவாகச் செலவழிப்பதால் 49-ஆல் பெருக்கினால் போதும்: 233. இது சும்மா கிடப்பதற்கான செலவு. ஏற, இறங்க, செரிக்க என்று ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வைத்தால் 350 முதல் 465 கிலோகலோரி. பொழுதில் பாதிக்கு மேல் அசையாமல் இருக்கும் பிராணி இது. அதனால் கீழ் எல்லையில் தொடங்குவதே நல்லது. 70-ஐ வைத்துக் கணக்குப் போட்டுத் தீனி வைத்தால் கொழுத்துவிடும். அடர்ந்த மயிருக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. முதுகெலும்பையும் வாலின் அடியையும் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும்.

காட்டில் இது இலைதின்னி. இரைப்பையின் முன்பகுதியில் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சக்தி எடுத்துத் தருகின்றன. கடைப் பழங்களில் காட்டுப் பழங்களைவிடச் சர்க்கரை கூடுதல், நார் குறைவு. சர்க்கரை மிஞ்சினால் இரைப்பை அமிலமாகி அந்த நுண்ணுயிர்கள் குலைந்துபோகும். புழுக்கை இளகுவதே முதல் அடையாளம். எந்தப் புதிய தீனியையும் இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும்.

காலையில் முதலில் இலை: மல்பெரி, செம்பருத்தி, வில்லோ கிளைகள். பூச்சிமருந்து படாதவையாக, உயரத்தில் கட்டுங்கள். அரளி பக்கத்திலேயே இருக்கக் கூடாது. பிறகு நார் மிகுந்த தீவன வில்லைகள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தராசில் ஏறப் பழக்கும்போது சுண்டைக்காய் அளவுத் துண்டாக மட்டும்.

(காட்சி: ஒரே கூண்டில் இரண்டு இலைக் கட்டுகள். ஒன்று கம்பி வலைக்குள்.)

கிழங்கைப் பொறுக்கித் தின்றுவிட்டு இலையை ஒதுக்கும் என்பதால், வைத்ததை மட்டும் எழுதிவைத்தால் பயனில்லை. மீதியையும் நிறுக்க வேண்டும். ஆனால் இலை வாடி எடை இழக்குமே? அதற்குத்தான் வலைக்குள் இருக்கும் இரண்டாவது கட்டு. இரண்டும் காலையில் 500 கிராம். மாலையில் எட்டாத கட்டு 420, தின்ற கட்டின் மீதி 210. அதாவது பாதி மீந்திருக்கிறது. தின்றது 250 கிராம். வாடலைக் கழிக்காவிட்டால் 290 என்று தவறாக எழுதியிருப்போம்.

பையில் குட்டி இருந்தால் கணக்கு மாறும். கர்ப்பம் 44 நாள்தான். பையை விட்டு முழுதாக வெளியேற ஏறக்குறைய பத்து மாதமாகும். பிறக்கும்போது குட்டி அவரைக்கொட்டை அளவே இருப்பதால் தொடக்கத்தில் எதையும் கூட்ட வேண்டாம். பையிலிருந்து தலை நீட்டும் கட்டம் வந்தபின், தாயின் எடையை வாரந்தோறும் பார்த்து இலையையும் வில்லையையும் கூட்டுங்கள். தாய் கடிக்கும் அதே இலையைத்தான் குட்டியும் எட்டிப் பிடித்துக் கடிக்கத் தொடங்கும்.