ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: பித்த அமிலத்தைப் பிடிக்கும் மருந்துகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவப் பெருமக்களே, எனக்கு முன்னால் இதயத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசி என் வேலையில் பாதியைக் குறைத்துவிட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, விடுமுறை நாள் தூக்கத்தை விட்டுக்கொடுத்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் இடம் பிடித்திருக்கும் மருந்தியல் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அவர்கள் வரவேற்புரையில் என்னை ‘அறிஞர்’ என்றார். மருந்துக்கடையில் மேசைக்குப் பின்னால் நின்றே வயதானவன் நான். அவர் சொன்னதை அன்பின் மிகுதி என்று எடுத்துக்கொள்கிறேன். பொருளாளர் அய்யா இந்தக் கூட்டத்துக்காக எவ்வளவு ஓடினார் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தனியாக ஒரு நன்றி. ஒலிபெருக்கித் தம்பிக்கும் நன்றி, அவர் மனது வைத்தால்தான் நான் பேச முடியும்.

மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். பித்த அமிலத்தைப் பிடிக்கும் மருந்துகள் கொலஸ்டிராலை எப்படிக் குறைக்கின்றன என்பது ஒன்று. சர்க்கரையை எப்படிக் குறைக்கின்றன என்பது இரண்டு. அரிப்புக்கும் வயிற்றுப்போக்குக்கும் இதே மருந்தை ஏன் கொடுக்கிறார்கள் என்பது மூன்று.

என் பேச்சை முன்பு கேட்டவர்களுக்கு என் பழமொழியும் தெரியும்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் இதை நுழைத்துவிடுவேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இன்றைக்கு நுழைக்க வேண்டியதே இல்லை, தலைப்புக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது.

கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டு பித்த அமிலங்களைத் தயாரிக்கிறது. அவை பித்தநீரோடு குடலுக்கு வந்து, சாப்பாட்டிலுள்ள கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக உடைத்துச் செரிக்க வைக்கின்றன. வேலை முடிந்ததும் வீணாவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி அவற்றில் ஏறக்குறைய 95 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது. மொத்தக் கையிருப்பு சில கிராம்தான், அதுவே ஒரு நாளில் பல சுற்று சுற்றி வருகிறது. மலத்தோடு வெளியே போவது நாளொன்றுக்குச் சுமார் அரை கிராம். அந்த அரை கிராமைக் கல்லீரல் புதிதாகத் தயாரித்து ஈடுகட்டிக்கொள்கிறது. உடம்பு எவ்வளவு கணக்காக இருக்கிறது பாருங்கள்! ஆற்றில் போடுவதைக்கூட அளந்துதான் போடுகிறது.

இந்தக் கணக்கில் கை வைப்பவைதான் நம் மருந்துகள்: கொலஸ்டிரமைன், கொலஸ்டிபால், கொலிசெவெலம். மூன்றும் பெரிய பெரிய மூலக்கூறுகள். அவை இரத்தத்துக்குள் நுழைவதே இல்லை, வாய் வழியாகப் போய் மலத்தோடு வெளியேறிவிடும். வழியில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அமிலத்துக்கு எதிர்மின்னேற்றம், மருந்துக்கு நேர்மின்னேற்றம், அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய அமிலத்தைக் குடலால் உறிஞ்ச முடியாது.

இரவல் கொடுத்த பித்தளைப் பாத்திரங்கள் திரும்பி வராவிட்டால் என்ன செய்வோம்? வீட்டிலிருக்கும் பித்தளையை உருக்கிப் புதிதாக வார்க்க வேண்டியதுதான். கல்லீரலும் அதைத்தான் செய்கிறது. வழக்கமாகக் குடலிலிருந்து எஃப்ஜிஎஃப்19 என்ற ஹார்மோன் மூலமாக ‘போதும், பித்த அமிலம் நிறைய இருக்கிறது’ என்று கல்லீரலுக்குத் தகவல் போகும். அமிலம் பிடிபட்டால் அந்தத் தகவல் குறைகிறது. உடனே கல்லீரல் தன்னிடமுள்ள கொலஸ்டிராலை எடுத்துப் பித்த அமிலமாக மாற்றத் தொடங்குகிறது. கையிருப்பு குறைந்ததும், இரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை, அதாவது எல்டிஎல்லை, உள்ளே இழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் கூட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் எல்டிஎல் இறங்குகிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்து, உடம்பு கொலஸ்டிராலைக் கட்டுப்படுத்தும் வழியை விளக்கியதற்காக மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்தையும் அளவையும் பொறுத்து எல்டிஎல் 15 முதல் 30 சதவீதம் வரை குறையும்.

கொலஸ்டிராலைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்பதை மருந்து கொடுத்துப் பார்த்துக் காட்டிய முக்கியமான ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. 1984இல் முடிவு வந்தது. கொலஸ்டிரால் மிகுந்த 3,806 பேர், சராசரியாக 7.4 ஆண்டுகள். ஒரு பாதிக்குக் கொலஸ்டிரமைன், மறு பாதிக்கு வெறும் பொடி. மருந்து எடுத்தவர்களிடம் மாரடைப்பும் இதயநோய் மரணமும் சேர்த்து 19 சதவீதம் குறைவு. அத்தனை பேரும் ஆண்கள், தாய்மார்களே! ஒரு பெண்கூட இல்லை. அதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும், இப்போது வேண்டாம்.

அந்த ஆய்வில் நாளைக்கு 24 கிராம் பொடி. வாயில் மணல் அரைபடுவது போல இருக்கும், வயிறு உப்பும், மலச்சிக்கல் வரும். பலரால் முழு அளவைச் சாப்பிட முடியவில்லை. 1987இல் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை விற்பனைக்கு வந்தது, பொடி பின்வரிசைக்குப் போனது. போனாலும் காணாமல் போகவில்லை. பித்த அமில மருந்து மட்டும் கொடுத்தால் கல்லீரல் சொந்தமாகக் கொலஸ்டிரால் தயாரிப்பதையும் கூட்டிவிடுகிறது. ஸ்டாட்டின் அந்தத் தயாரிப்பைத் தடுக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது நல்ல பலன் கிடைக்கிறது.

சரி, சர்க்கரைக்கு வருவோம். இது தேடிப் போய்க் கண்டுபிடித்ததல்ல, கொலஸ்டிராலுக்கு மருந்து கொடுத்த இடத்தில் தானாகக் கண்ணில் பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொலஸ்டிரமைன் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரையும் இறங்கியதை 1994இல் ஓர் ஆய்வு சொன்னது. 2008இல் கொலிசெவெலத்தை இரண்டாம் வகை நீரிழிவுக்கும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. எப்படிக் குறைக்கிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதம் ஓடுகிறது. அதிகம் பேசப்படும் வழி இது: பிடிபட்ட பித்த அமிலம் குடலின் கீழ்ப்பகுதி வரை பயணம் போகிறது. அங்கேயுள்ள செல்களில் டிஜிஆர்5 என்ற உணர்வி இருக்கிறது. அது தூண்டப்பட்டால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும், அது இன்சுலினைக் கூட்டும்.

ஆனால் அளவை மறக்காதீர்கள். ஏற்கனவே எடுக்கும் சர்க்கரை மருந்தோடு இதைச் சேர்த்தால் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி ஏறக்குறைய 0.5 புள்ளி குறையும், அவ்வளவுதான். 9இல் இருப்பவர் இதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. முதல் வகை நீரிழிவுக்கு இது மருந்தே அல்ல. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பை இது ஏற்றிவிடும். அது 500ஐத் தாண்டியவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது.

இப்போது ஒரு கதை. எங்கள் உறவில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாமல் தசைவலி வந்ததால் இதய மருத்துவர் கொலஸ்டிரமைன் பொடி எழுதிக் கொடுத்தார். முதல் நாள் பெரியவர் பொடியைத் தண்ணீரில் கலக்காமல் அப்படியே வாயில் கொட்டிக்கொண்டார். அப்புறம் வந்த இருமலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அதன் பிறகு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கக் கற்றுக்கொண்டார். காலையில் எழுந்ததும் ஒரு கையில் அந்த டம்ளர், மறு கையில் தைராய்டு மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம். ஒரே மடக்கு! அத்தை கேட்டார், ‘தனித்தனியாகச் சாப்பிடக் கூடாதா?’ பெரியவர் சொன்னார், ‘எல்லாம் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது? தனித்தனியாக அனுப்ப நான் என்ன தபால்காரனா?’

இரண்டு மாதம் போனது. ஆளுக்கு ஓயாத அசதி. வெயிலிலும் போர்வை கேட்டார். செய்தித்தாளைப் பிரித்தால் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். பரிசோதனையில், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் ஏறியிருந்தது. தைராய்டு மருத்துவர் மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்கினார். மறுபடியும் ஏறியது, 100 ஆக்கினார். அதற்கும் அசையவில்லை. மாத்திரை போலியோ என்று மருந்துக்கடை மேல் சந்தேகம். அத்தை மாத்திரையை மாற்றிக் கொடுக்கிறார் என்று அவர் மேலும் சந்தேகம், இதில் வீட்டில் நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? மருந்துக்கடையில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: ‘தாத்தா, இதை எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, அதை எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?’

பொடி பித்த அமிலத்தை மட்டுமா பிடிக்கும்? பக்கத்தில் வந்த தைராய்டு மாத்திரையையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. மாத்திரையை விடியற்காலைக்கும் பொடியை இரவுச் சாப்பாட்டுக்கும் பிரித்தார்கள். டிஎஸ்எச் இறங்கியது. இறங்கியது நிற்கவில்லை! 100 மைக்ரோகிராமும் முழுதாக உடம்பில் சேர ஆரம்பித்ததும் நெஞ்சு படபடத்தது, மறுபடியும் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பேன். இங்கே அளந்துதான் போட்டார்கள், எந்த நேரத்தில் என்று யாரும் எழுதவில்லை.

இதில் எந்த மருத்துவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், மேடையிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். இருவர் எழுதிய மருந்தும் சரி, அளவும் சரி. ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்கவில்லை, இரண்டு சீட்டிலும் மணி இல்லை. தைராய்டு மாத்திரை மட்டுமல்ல. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்சின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கருத்தடை மாத்திரை என்று பட்டியல் நீளும். சர்க்கரைக்கான கிளிமிபிரைடுகூட இதில் மாட்டும்: சர்க்கரையைக் குறைக்க வந்த மருந்து இன்னொரு சர்க்கரை மருந்தைத் தடுக்கும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் நழுவிப் போகலாம். கொலஸ்டிரமைன் என்றால், மற்ற மருந்துகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அல்லது 4 முதல் 6 மணி நேரம் பின்னால் எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும்.

இந்தப் பிடியின் வலுவை நல்லதற்கும் பயன்படுத்துகிறார்கள். மூட்டுவாதத்துக்கான லெஃப்ளூனமைடு உடம்பை விட்டு எளிதில் போகாது. அதை வேகமாக வெளியேற்ற வேண்டுமானால் கொலஸ்டிரமைனை 8 கிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, 11 நாள் கொடுப்பார்கள். வேண்டாத மருந்தை இப்படி வாரிக்கொண்டு போவது, வேண்டிய மருந்தை விட்டுவைக்குமா?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான், பல மேடைகளில் கேட்டதுதான். மருந்துச் சீட்டில் ‘காலை 1, இரவு 1’ என்று எழுதினால் போதாது. எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். எத்தனை மருத்துவரிடம் போனாலும் எல்லா மருந்தும் ஒரே தாளில் இருக்க வேண்டும். மருந்து கொடுப்பவர் பையை நீட்டும் முன் அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். முன்னிலை வகிக்கும் மருத்துவப் பெருமக்கள் தங்கள் சீட்டிலிருந்தே இதைத் தொடங்கிவைத்தால் பெருமைப்படுவேன்.

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், அதில் நேரம் தெளிவாக எழுதியிருக்கிறது! அரிப்பையும் வயிற்றுப்போக்கையும் மாணவர்கள் கேள்வி நேரத்தில் கேட்டால் சொல்கிறேன். நான் கேட்டதைச் சொல்லும் தீர்மானத்தின் வரைவு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் மணி வாரியாகக் கட்டம் போட்ட தாள்களும் வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் அதில் எழுதி, அடுத்த முறை மருத்துவர் சீட்டு எழுதத் தொடங்குவதற்கு முன்னாலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.