நிலாவில் விழுந்த நமது காற்று

நேயர்களுக்கு வணக்கம். 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி இரவு முழுச் சந்திர கிரகணம். மேகம் வழிவிட்ட இடங்களில், லயத்து வாசலில் நின்று பலர் பார்த்திருப்பீர்கள். நிலா செம்பு நிறமானது. பூமி குறுக்கே வந்து வெயிலை மறைத்தால் நிலா கறுக்கத்தானே வேண்டும், ஏன் சிவந்தது?

பூமியின் விளிம்புக் காற்றுக்குள் புகுந்து வளைந்த வெயில்தான் அப்போது நிலாவில் விழுகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிடும், சிவப்பு தப்பிப் போகும். ஹப்புத்தளை மலைவிளிம்பில் மாலைச் சூரியன் சிவப்பதற்கும் காரணம் இதுவே.

2008 ஆகஸ்ட் 16ஆம் திகதி பகுதிக் கிரகணம் ஒன்று வந்தது. லா பால்மா தீவின் தொலைநோக்கிகளால், நிலாவில் பட்டுத் திரும்பிய அந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய நிறங்களை மட்டும் விழுங்கும். விழுங்கப்பட்டவை எவை என்று பார்த்தபோது ஒட்சிசன், ஓசோன், நீராவி, காபனீரொட்சைட்டு, மெதேன் எல்லாம் அகப்பட்டன. நாம் இந்த மலையில் மூச்சு வாங்கும் காற்று, நேயர்களே, நிலாவில் பதிவாகியிருந்தது! எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை. ஒட்சிசனும் மெதேனும் ஒன்றையொன்று அழிப்பவை. இரண்டும் சேர்ந்து நிலைத்திருக்கின்றன என்றால், ஏதோ ஒன்று அவற்றை ஓயாமல் ஊட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே ஊட்டுவது பெரும்பாலும் உயிர்கள்தாம். வெளியே நின்று நம்மைப் பார்ப்பவருக்கு அந்த விளிம்புக் காற்றே சாட்சி. மறுபடியும் சொல்கிறேன், விளிம்புக் காற்றுத்தான்.

தூரத்துக் கோள்களிலும் தேடுவது அதையே. கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது, அதன் விளிம்பைத் துளைத்து வரும் ஒளியைப் பிரிக்கிறார்கள். வியாழனைப் போன்ற பெரிய கோள் ஒன்றில் சோடியம் இருப்பதை ஹபிள் தொலைநோக்கி காட்டியது 2001இல். பூமியளவு கோளில் இது மிகக் கடினம். சூரியனைப் பூமி கடந்தால் மறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த ஒளி. காற்றின் பங்கோ அதிலும் அற்பம். ஆகவே சிறிய நட்சத்திரங்களை நாடுகிறார்கள். சுமார் 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள ட்ரப்பிஸ்ட்-1 என்னும் நட்சத்திரம் வியாழனைவிடச் சற்றே பெரியது. அதற்கு ஏழு கோள்கள். நான்காவதில் தண்ணீர் திரவமாக இருக்கக்கூடும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், சுருக்கிவிடுகிறேன். அந்த நட்சத்திரத்தின் கறைகளும் கோளின் காற்றைப் போலவே ஒளியில் அடையாளம் விட்டு ஏமாற்றும். அதனால், அடர்ந்த காற்று இருப்பதாகத் தெரியாத முதற்கோளும் நான்காவதும் அடுத்தடுத்துக் கடக்கும் வேளைகளில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் பார்த்து, முதலாவதில் தெரியும் கறையின் சாயலை நான்காவதிலிருந்து கழிக்கிறார்கள். நான்காவது கோளின் முதல் நான்கு கடப்புகளின் முடிவு 2025இல் வெளியானது. காற்று உண்டு என்றோ இல்லை என்றோ அதை வைத்து அறுதியிட முடியவில்லை, அவதானிப்பு தொடர்கிறது. நன்றி, வணக்கம்.